ஆயிரத்து எண்ணூறு என்று சொன்னேன்

பக்கத்து வீட்டு அக்கா என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது, என் மாமனார் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அங்கே இல்லையென்றால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆழ்வார்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பி.எட். முடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்தேன். அதுவரைக்கும் என்று, பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தேன். அங்கே சம்பளப் பதிவேட்டில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுவோம். கவரில் எழுநூற்றைம்பது இருக்கும். ஏன் என்று கேட்ட தமிழாசிரியர் ஒருவர் அடுத்த மாதம் வேலையில் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சொன்னது கையெழுத்துப் போடும் தொகையை. கல்யாணமான மறுமாதமே என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் தன் அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த அக்காவுக்குக் கணவர் இல்லை. பீடி சுற்றி ஒரே மகளை பி.எஸ்சி. கணிதம் வரை படிக்க வைத்திருந்தாள். வாய்க்கால் ஓரமாக எட்டு மரக்கால் விதைப்பாடு, அதாவது அரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வயல் உண்டு. வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அதிலிருந்துதான். மகளை அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதக் கூப்பிட்டிருந்தார்கள், மாதம் எண்ணூறு ரூபாய். மகளோ பி.எட். படிக்க ஆசைப்பட்டாள். இங்கே இடம் கிடைக்கவில்லை. கர்நாடகத்தில் ஒரு கல்லூரியில் நன்கொடை, கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"வயல ஒத்திக்கு வச்சா அந்த ரூவா கெடைக்கும் சார்வாள். படிச்சிட்டு வந்தா என்ன சம்பளம் குடுப்பாக? நீங்க எவ்வளவு வாங்குதிய?"

மாமனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆயிரத்து எண்ணூறு," என்றேன்.

அக்கா அங்கேயே வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "வீட்டுச் செலவ நான் பீடி சுத்திப் பாத்துக்கிடுவேன். அவ சம்பளம் அம்புட்டையும் போட்டா ரெண்டு வருஷத்துல ஒத்தியத் திருப்பிரலாம்லா?"

நான் தலையாட்டினேன். ஒரு கணக்கு வாத்தியார் தலையாட்டினால் அவளுக்கு வேறென்ன வேண்டும்?

மாமனார் ஊருக்குப் போனதும் மனைவி கேட்டாள். "எங்கப்பாட்ட சொன்னது இருக்கட்டும். அந்த அக்காட்டயாவது நெசத்தச் சொல்லிருக்கலாம்லா?"

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றேன்.

மறுநாள் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அக்கா கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பத்திரம் எழுதப் போகிறார்களாம், சாட்சிக்கு நான் வர வேண்டுமாம். "படிச்ச ஆளு ஒருத்தர் கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்." பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பத்திர அலுவலகத்தில் எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் ஒரே பெஞ்சில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். மகளுக்கு வாயில் துணியில் ரெண்டு சேலை எடுக்க வேண்டும், டீச்சர் என்றால் அதுதான் எடுப்பாக இருக்கும் என்று பேசிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷத்தில் பி.எட். முடித்து வந்த பெண், வேறெங்கும் இடம் கிடைக்காமல் எங்கள் பள்ளியிலேயே சேர்ந்தாள். அக்கா வந்து எனக்கு நன்றி சொன்னாள், நான்தான் சிபாரிசு செய்தேன் என்று நினைத்துக்கொண்டு. நான் எதுவும் செய்திருக்கவில்லை. அங்கே சேர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் சம்பள நாளில் அந்தப் பெண் எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். எழுத்தர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கவரைப் பிரித்துப் பார்த்தாள். அறுநூற்றைம்பது. எழுத்தர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நினைத்து வாயைத் திறந்தவள், பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்கும் இப்படித்தானா சார்?"

"ஆமா."

"அம்மா வந்து கேட்டப்பவும்?"

"அப்பவும்."

பஸ் வந்ததும் முன்பக்கம் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். அதிலும் என் மானம்தான் முன்னால் நின்றது. அக்கா மடியில் முறத்தை வைத்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையிலிருந்த இலையை வெட்டி முடித்து முறத்தில் போட்டாள்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றாள். "மாசக் கடைசியில உங்க வீட்ல அரிசி கைமாத்து கேப்பாகள்லா. ஆனா சார்வாள் பொய் சொல்லமாட்டாகன்னு நெனைச்சேன்."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் ஒரு வருஷம் எங்களோடு இருந்தாள். காலையிலும் மாலையிலும் டியூஷன் எடுத்தும் கட்டுப்படியாகவில்லை. பிறகு அதே அரிசி ஆலைக்குக் கணக்கெழுதப் போனாள். பி.எட். சான்றிதழுக்காக ஒரு ரூபாய்கூட அவர்கள் கூட்டித் தரவில்லை. வயல் ஒத்திக்காரர் கையில் இருந்ததால் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கு அரிசியைக் கடையில் வாங்கினார்கள். ஒத்தியைத் திருப்ப ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சே எடுத்தார்கள்.

நடுவில் எனக்கு அரசு வேலை வந்தது, நாங்குநேரிப் பக்கம். முதல் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். வேண்டாம் சார்வாள், போனது போகட்டும் என்று அவள் சொல்வாள், நான் கட்டாயப்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "பிள்ளைக நல்லா இருக்காகளா?" என்று என் குழந்தைகளைப் பற்றி விசாரித்தாள். நல்லா இருக்காங்க என்றேன். பிறகு அவள், "இருட்டுகதுக்குள்ள கெளம்புங்க, பஸ்ஸு கெடைக்காது," என்றாள்.