லாக் பார்க்கிற நாகஜோதி

ஆண்டிபட்டிப் பக்கம் டிரெய்லர் ஓட்டுகிற டிரைவர்களிடம் நாகஜோதி என்று சொன்னால் போதும், எந்த நாகஜோதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். நூல் மில்லின் வாசலில் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாள். கன்டெய்னர் கதவில் வைத்த சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, கேட்டைத் திறப்பது, மூடுவது. மில்காரர்கள் சம்பளம் கொடுப்பது இதற்குத்தான். அவள் இதோடு நிறுத்துவதில்லை. டார்ச்சை எடுத்து, முழங்காலைத் தரையில் ஊன்றி, வண்டிக்கு அடியில் தலையை நீட்டிக் கப்ளிங்கைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டுப் பக்கம் நகர்வாள்.

டிரெய்லர் என்பது ஒரு வண்டி இல்லை, இரண்டு. இழுக்கிறது ஒன்று, இழுபடுகிறது ஒன்று. பின்வண்டியின் அடியில் கட்டையாக ஒரு இரும்பு துருத்திக்கொண்டிருக்கும். முன்வண்டியின் முதுகில் இருக்கிற தட்டு அதைக் கவ்விப் பிடித்து லாக் போட்டுக்கொள்ளும். இந்த இணைப்புதான் கப்ளிங். லாக்கைத் திறக்கப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அது நழுவாமல் இருக்க ஒரு கிளிப். இவ்வளவு பெரிய சுமைக்கும் காவல் அந்த விரல் நீளக் கிளிப்தான். கழற்றுவதற்குச் சாவி வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் எவன் வேண்டுமானாலும் கைப்பிடியை இழுத்துவிட்டுப் போகலாம். அதனால் இறங்கிப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும், பிறகு பின்வண்டிக்கு பிரேக் போட்டு முன்வண்டியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாம் செய்கிறவன் எந்தத் தொழிலில் இருக்கிறான்?

நாகஜோதியின் புருஷன் முத்துராஜா இதே மில்லில் ஃபிட்டராக இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு டூவீலரில் கணவாய் வழியாக வந்துகொண்டிருந்தான். எதிரே இதே மில்லின் நூலை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் மேடு ஏறியது. பாதி ஏற்றத்தில் முன்வண்டி தனியாகக் கழன்று போனது. பின்வண்டி மூக்குக் குப்புற விழுந்து, குறுக்கே திரும்பி, கன்டெய்னரோடு சாய்ந்தது. முத்துராஜா அந்தப் பக்கம்தான் வந்தான்.

அடிவாரத்து ஹோட்டலில் டிரைவர் சாப்பிடப் போயிருந்தபோது எவனோ லாக்கை இழுத்து விட்டிருக்கிறான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அந்த எவன் இன்றுவரை அகப்படவில்லை. குடிகாரன் வேலை என்றார்கள், தொழில் போட்டி என்றார்கள், டிரைவர் முதலிலேயே சரியாகப் பூட்டியிருக்க மாட்டான் என்றும் சொன்னார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? லாரிக் கம்பெனிக்காரர்கள் அதற்கப்புறம் டிரைவர்களைக் கூட்டி வைத்து, இனிமேல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கப்ளிங்கைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நாகஜோதிக்கு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். காரியம் முடிந்தது, மில் வாசலில் வேலை கொடுத்தார்கள், வந்து நின்றாள். மகள் ஓவியாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். ரசத்தில் உப்பு இல்லை என்று மகள் சொன்னால், அப்படியா என்று கேட்டுவிட்டு உப்பைப் போட்டாள். தெருவில் பாதிப் பேர் தைரியசாலி என்றார்கள், மீதிப் பேர் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இரண்டும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தாள். தொட்டால் தொடுகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உத்தமபாளையத்து டிரைவர் ரசூல் வண்டியை நிறுத்தியபோது, இரண்டு வண்டியும் எந்த இடத்தில் விட்டுப்போகும் என்று கேட்டாள். அவருக்கு முகம் கறுத்துப்போனது. ஆனாலும் இறங்கி, குனிந்து, லாக்கையும் கிளிப்பையும் காட்டினார். அன்றிலிருந்து எந்த டிரெய்லர் வந்தாலும் அவள் குனிய ஆரம்பித்தாள். அக்கறை என்றோ பயம் என்றோ சொன்னால் அது பொய். கோலம் போடுகிற கை மாதிரி உடம்பு தானாகக் குனிந்தது.

டிரைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிற வண்டிக்கு முன்னால் தாலியறுத்தவள் வந்து நின்றால் எப்படி இருக்கும்? நேரில் சொல்ல வாய் வராமல், கேட்டுக்கு வந்த வண்டியை ஏதாவது சாக்குச் சொல்லி ஓரங்கட்டினார்கள். அடுத்த ஷிப்டில் கேட்டைப் பார்க்கிற ஏஞ்சல் வந்த பிறகு எடுத்தார்கள். நாகஜோதிக்கு அது புரிந்தது. புரிந்தும் வலிக்கவில்லை. நம் ஆட்கள் சகுனத்துக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியை பிரேக்குக்குக் கொடுத்தால் ரோட்டில் முக்கால்வாசிச் சாவு இல்லை. இது என் அபிப்பிராயம், அவள் அப்படி எல்லாம் நினைத்தவள் இல்லை.

பிறகு ஒரு நாள் குனிந்தவள், கிளிப் இல்லை, கைப்பிடி பாதி வெளியே நிற்கிறது என்றாள். மில்லுக்கு வெளியே வரிசையில் நின்றபோது எவனோ கை வைத்திருக்கிறான். இரும்புக்காகக் கழற்றினானோ, வம்புக்காகக் கழற்றினானோ. அந்த டிரைவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே சகுனம் தலைகீழானது. நாகஜோதி பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று நிற்க ஆரம்பித்தார்கள். அதற்கும் அவள் சந்தோஷப்படவில்லை.

போன ஐப்பசியில் ரசூல் கேட்டுக்கு வந்தவர், போகாமல் தயங்கி நின்றார். கணவாயில் அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிய சுருளிவேல் திரும்ப வருகிறார், நாளைக்கு இங்கே லோடு ஏற்றுகிறார் என்றார். சுருளிப்பட்டிக்காரர், இவ்வளவு நாளும் டிரெய்லரைத் தொடாமல் கம்பம் பக்கம் திராட்சைப் பெட்டி ஏற்றுகிற சின்ன வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியில் ஆள் இல்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் நாளைக்கு மட்டும் லீவு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"வரட்டும்ணே" என்றாள் நாகஜோதி. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் சுருளிவேல் வண்டியை ஏற்றி முடித்து கேட்டுக்குக் கொண்டுவந்தார். காக்கிச் சட்டையில் நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில், கூட்டத்துக்கு வெளியே நின்று அவளைப் பார்த்திருக்கிறார். இறங்கினார். குனிந்து லாக்கைப் பார்த்தார். ஏறி, ஒரு இழுப்பு இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது, விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டைத் திறக்க நாகஜோதி கை வைத்தாள். அவர் மறுபடியும் இறங்கினார். பார்த்தார், ஏறினார், இழுத்தார், இறங்கினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அடுத்த தடவை குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

நாகஜோதி டார்ச்சோடு போனாள். அவள் வழக்கமாக முழங்கால் ஊன்றுகிற இடத்தில் அவர் இருந்தார். அவள் மறுபக்கமாகப் போய்க் குனிந்தாள். வண்டிக்கு அடியில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். அவர் கை கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தது.

"பூட்டித்தான் இருக்கு தாயி. கண்ணுக்குத் தெரியுது. ஆனா விட்டுட்டு எந்திரிக்க முடியல" என்றார்.

அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அன்னைக்கு நான் பாக்கல. தின்னுட்டு வந்தேன், ஏறி எடுத்துட்டேன். எவன் இழுத்தான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா நான் குனிஞ்சு பாக்கல."

இரண்டு வருடமாக யாரும் அவளிடம் சொல்லாத சொல் அது. போலீஸ், கம்பெனி, ஊர், எல்லோரும் எவனோ ஒருவனைப் பற்றித்தான் பேசினார்கள்.

"நீங்க பாத்துச் சொன்னா எடுக்குறேன். இல்லைன்னா சாவிய இங்கனயே குடுத்துட்டு பஸ் ஏறிருறேன். இனி தொட மாட்டேன்."

நாகஜோதி டார்ச்சை அடித்தாள். லாக் கவ்வியிருந்தது. கைப்பிடி உள்ளே இருந்தது, கிளிப் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனுஷனுடைய பிழைப்பு இந்த வாசலோடு முடிந்தது. சொல்லிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. முதலில் வந்தது கோபம்தான். குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பீடி பற்ற வைக்கிற நேரம் ஆகுமா? அந்த நேரம் இல்லையா இந்த ஆளுக்கு? அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

"பூட்டியிருக்கு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கைய எடுங்கண்ணே. நான் பாத்துட்டேன். போயிட்டு வாங்க."

அவர் கையை எடுத்தார். கும்பிட்டாரா, முகத்தைத் துடைத்தாரா என்று தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தார். அவள் கேட்டைத் திறந்தாள். வண்டி மெதுவாகத் திரும்பிக் கிழக்கே போனது.

அடுத்த வண்டி ரசூலுடையது. அதன் லாக்கையும் பார்த்துவிட்டு வந்தவள், அவருடைய கதவருகே நின்றாள்.

"அவுக பின்னாலதான போறீக. கணவாயத் தாண்டிட்டாகளான்னு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."

ரசூல் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அதற்கப்புறம் நாகஜோதியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கேட்டுக்கும் ரூமுக்கும் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். இந்நேரம் அடிவாரம் போயிருப்பார், இந்நேரம் மேடு ஏறியிருப்பார் என்று மனசு கூடவே ஓடியது. நிஜமாகவே பயந்தாள். சரியாகத்தான் பார்த்தோமா, கிளிப் இருந்ததா, இருந்த மாதிரி தோன்றியதா? ஏஞ்சல் ஷிப்டு மாற்ற வந்து, இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டாள். கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

போன் வந்தது. "தாண்டிட்டாகம்மா" என்றார் ரசூல். "உசிலம்பட்டிப் பக்கம் இறங்கியாச்சு. ஒண்ணும் இல்ல."

சரி என்று வைத்தாள். வைத்தவள் அப்படியே ரூம் வாசலில் உட்கார்ந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, பொத்த முடியாமல், மில் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி அழுதாள். ஏஞ்சல் பதறி ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். போனில் என்ன சேதி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரவுக செத்துப் போயிட்டாக, ஏஞ்சல்" என்றாள் நாகஜோதி.