என்ஜின் ஆறட்டும்

இத்ரூஸ் பொனட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சுடுது. ஆறட்டும்" என்றார். பிறகு கார்க்காரரிடம் உட்கார ஒரு நாற்காலி கேட்டார்.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் இப்படித்தான். ஆள் வரும் முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்துவிடுவது விற்பவர்களின் வழக்கம். சூடான என்ஜின் தன் நோயைக் காட்டாது. ஆகவே ஒரு மணி நேரமானாலும் இத்ரூஸ் காத்திருப்பார். உதவிக்குக் கூடப் போகும் நானும் காத்திருக்க வேண்டும்.

இத்ரூஸ் மாத்தளை டவுனில் முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். இடுப்பு வலியால் அதை மூடிய பிறகு, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்காகப் போய்ப் பார்த்துச் சொல்கிறார். கார்களால் அவருக்குத் தொல்லையில்லை, வாங்குகிறவர்களால்தான். ஒருவருக்கு நிறம் முக்கியம், இன்னொருவருக்குப் பாட்டுப் பெட்டி. "பிரேக் எப்பிடினு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்பார்.

கட்டாரில் லொறி ஓட்டும் ஸுஹைலின் கதை கொஞ்சம் வேறு. அலுவிகாரையில் இருக்கும் அவருடைய உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். தங்கை நஸ்மியா கார் ஓட்டப் பழகிவிட்டாள், கார்தான் இல்லை. ஸுஹைல் மூன்று வாரத்தில் அனுப்பிய பதினொரு விளம்பரங்களையும் இத்ரூஸ் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பன்னிரண்டாவது, நாவுலயில் நின்ற இந்த வெள்ளைக் கார். டொக்டர் நோனா, அதாவது ஒரு டொக்டர் அம்மா, ஓட்டியது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

"இந்த மாவட்டத்துல விக்கிற எல்லாக் காரையும் டொக்டர் நோனாதான் ஓட்டியிருக்கா. அவ நோயாளியப் பாத்தது எப்பனு தெரியல்ல" என்றார் இத்ரூஸ்.

இரண்டு தேநீர் குடித்து முடிந்தது. ஆறிய என்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது. நான் நிம்மதிப்பட்டேன். இத்ரூஸ் படவில்லை. உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. சீட் பெல்டைப் பிடித்து மெதுவாக, அடி வரை இழுத்தார். வெளியில் பளிச்சென்றிருந்த பெல்டின் கடைசி ஒரு முழம் மண்நிறத்தில் வந்தது. தரைவிரிப்பைத் தூக்கினார். மூலையில் வண்டல் காய்ந்து கிடந்தது. போன நவம்பர் வெள்ளத்தில் கார் மூழ்கியிருக்கிறது.

அதையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஸுஹைலுக்குக் காட்டினார். வயர்கள் உள்ளுக்குள் ஒவ்வொன்றாகத் துருப்பிடிக்கும், என்றைக்கோ ஒருநாள் நடுறோட்டில் நிற்கும் என்று விளக்கினார். பிறகுதான் ஸுஹைல் சொன்னார், வேறு யாரோ வாங்க வருவதாக விற்பவர் சொன்னதால் நேற்றே நஸ்மியாவின் பேங்க் கணக்கிலிருந்து அட்வான்ஸ் அனுப்பிவிட்டாராம்.

இத்ரூஸ் தரைவிரிப்பைக் கீழே போட்டார்.

"அப்ப என்னை எதுக்குத் தம்பி அனுப்பின? நிக்காஹ் முடிஞ்ச பொறகு பொண்ணு பாக்கவா?"

"உம்மா நேத்தும் பஸ்ல நின்டுக்கிட்டுத்தான் வந்தாங்க நானா" என்றார் ஸுஹைல்.

இத்ரூஸ் போனை வைத்துவிட்டு, அட்வான்ஸைத் திருப்பித் தரும்படி விற்பவரிடம் கேட்டார்.

அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று விற்பவர் கண்டிப்பாகச் சொன்னார். இத்ரூஸ் வாக்குவாதம் செய்யவில்லை. திறந்திருந்த கார்க்கதவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் கார் பார்க்க வருவது விற்பவர் வாயாலேயே தெரிந்திருந்தது. இத்ரூஸை எழுப்பப் பார்த்தார் அவர். அதட்டினார், கெஞ்சினார், வீட்டுக்குள் போனார், வந்தார். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நஸ்மியாவிடமிருந்து செய்தி வந்தது. பணம் திரும்பிவிட்டது.

விற்பவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வருகிறவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட வேண்டும். இத்ரூஸ் தலையாட்டினார்.

கேட்டருகே ஆட்டோவில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். இத்ரூஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. காருக்குள் கையை விட்டு, பெல்டை மறுபடி அடி வரை இழுத்து, அந்த மண்நிற முழத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தைப் பார்த்து நடந்தார்.