கரண்ட்டில் அழுக்கு

பாட்டில் தாளம் வேகமெடுத்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சோபாவில் சாய்ந்து, கண் மூடி, சொக்கிப்போய் இருப்பார். கால் மட்டும் வேலையில் இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பழகுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கம் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஆயுள் போயிற்று. எங்கள் குடியிருப்பில் அவர் பெயரே 'பிரேக் சார்'. சாப்பிடும்போது மனைவி இன்னொரு கரண்டி வைக்க வந்தாலும் "பிரேக், பிரேக்" என்பார்.

பகலெல்லாம் ஹாரனும் அலறலும் கேட்கிற காதுக்கு மாலையில் கூலி கொடுத்தாக வேண்டுமாம். அதற்காகத்தான் ஹாலில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவசரத்துக்கு ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "அவர் பாடகர், தம்பி. அவரைப் போய்க் கணக்கெழுதச் சொல்லலாமா?" என்றார்.

புதிதாக ஒரு வயரை மாற்றிவிட்டால் போதும், மேல்வீட்டுக்காரனான எனக்கு அழைப்பு வந்துவிடும். "இப்ப பாருங்க, குரல் நாலடி முன்னாடி வந்து நிக்குதா?" எனக்கு அது நின்ற இடத்திலேயேதான் நிற்கும். ஆனால் அவர்கள் வீட்டுத் தேநீர் கையில் இருக்கிறதே, ஆமாம் சாமி போட்டுவிடுவேன். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவது வழக்கம். அக்கா சமையலறை வாசலைத் தாண்டி வருவதில்லை. அங்கிருந்தே "ரொம்ப நல்லாருக்குங்க" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை பாட்டைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அந்த ஆமாம்தான் பிறகு வினையாயிற்று. சில மாதங்களாக, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில், வலப்பக்கம் ஒரு கொசு விடாமல் பாடுவதுபோல அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரா, காதா? வலது காதுதான் அவருக்குச் சோறு போடுகிற காது. பழகுபவர்கள் உட்காருவது அந்தப் பக்கம். இன்ஜின் திணறுவதையும் கியர் கடிபடுவதையும் அது கேட்டுச் சொன்ன பிறகுதான் கால் பிரேக்குக்குப் போகும். வேலை உரிமத்தைப் புதுப்பிக்கக் காதுப் பரிசோதனை வேறு வரப்போகிறது. அக்காவைக் கேட்டார். "கேக்குதே, எனக்கும் கேக்குது" என்றார் அக்கா. என்னைக் கேட்டார், நானும் தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் வாரி வழங்கிய ஆமாம்களால் எங்கள் சொல் அவரிடம் செல்லாக்காசாகியிருந்தது.

"படுத்தா அங்கயும் கேக்குற மாதிரி இருக்கு தம்பி. காதைத் தீட்டத் தீட்ட இல்லாததெல்லாம் கேக்குது."

"டாக்டரைப் பாருங்களேன் சார்."

"அவர் சொல்லிட்டா சொன்னதுதானே? பவர் சப்ளைன்னா மாத்திடலாம். காதை எந்தக் கடையில போய் வாங்குறது?"

மாற்றியேவிட்டார். கம்ப்யூட்டரோடு வந்த பழைய அடாப்டர் உள்ளங்கையில் அடங்கும். "அது கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்புது. வெட்டின தூளெல்லாம் பாட்டுல விழுது. கலப்பட பெட்ரோல் போட்டா எந்த வண்டியும் இழுத்து இழுத்துத்தானே போகும்?" என்று எனக்கு ஒரு பாடம் நடந்தது. புதிதாக வந்தது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இரும்புப் பெட்டி, இஸ்திரிப்பெட்டி கனம். இரண்டு கையாலும் அதை ஏந்திவந்து வைத்தவர், பாட்டுப் போடவில்லை. எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் அவருக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்ட வேண்டும். பூ விழுந்தால் பழைய அடாப்டர், தலை விழுந்தால் புதுப் பெட்டி. வாயைத் திறக்கக் கூடாது.

"ஒரு தடவையாவது உங்க ஆமாம் இல்லாம பாத்துடுவோம் தம்பி."

நான் மாட்டினேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி உயிர் பெறும்வரை காத்திருந்தோம். அக்கா வாசலில் கைத்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"இருக்கு" என்றார் அவர். பழையதுதான். மறுபடி சுண்டினேன். "இல்ல" என்றார். புதியது. அடுத்ததும் "இல்ல". அவரைக் குழப்புவதற்கென்றே தலை மறுபடி விழுந்திருந்தது, அவர் குழம்பவில்லை. பிறகு "இருக்கு, இருக்கு, இதோ பாடுது." சுண்டிச் சுண்டி எனக்குக் கட்டைவிரல் வலித்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எல்லாமே சரி சார்! அடாப்டர்தான் சார், காது இல்ல!" என்று கத்திவிட்டேன். அப்பாடா என்று எனக்கே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. அவர் திரும்பவில்லை. விறைத்திருந்த தோள்கள் இரண்டும் மெல்லத் தளர்ந்தன.

அழுகை கேட்டது சமையலறை வாசலில்.

"எனக்கு ஒரு நாள்கூடக் கேட்டதில்லீங்க" என்றார் அக்கா. "நீங்க பயந்துடுவீங்கன்னு பொய் சொன்னேன். உங்க காதுதான் போகுதோன்னு நான் உள்ளுக்குள்ள செத்துட்டிருந்தேன்."

"தெரியும்" என்றார் அவர்.

பழைய அடாப்டரையே மாட்டச் சொன்னார். அக்காவைக் கைபிடித்து அழைத்துவந்து, வலது ஸ்பீக்கர் அருகே தரையில் உட்காரவைத்து, காதை ஒட்டி வைக்கச் சொன்னார். "கேக்குதா?"

வழக்கமான பதில் அக்காவின் உதடுவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "இல்லீங்க. தெருச் சத்தம்தான் கேக்குது" என்றார்.

அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தன் உள்ளங்கையால் அக்காவின் இன்னொரு காதைப் பொத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அக்காவின் ஈரக் கண்கள் அகல விரிந்தன.

"அட, ஆமாங்க! கொசுவேதான்!"

கேட்டாகிவிட்டது. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.