ஜீப்புக்கு வைத்த தணல்

ராமகுப்பத்தில் கார்த்திகையிலேயே குளிர் இறங்கிவிடும். திருப்பதி வெயிலில் பழகிய எனக்கு அது ஒவ்வொரு வருடமும் புதிது. அங்கேயே கிடந்தும் பழகாதது அண்ணனின் பழைய டீசல் ஜீப் மட்டும்தான். சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்தாலும், விடியற்காலையில் அது முனகுமே தவிரப் பிடிக்காது.

அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். பட்டுப்புழு வளர்க்கும் அறை சில்லிடாமல் இருக்க, அண்ணி குமுட்டி அடுப்பில் கரித்தணல் போட்டு அறையின் நடுவே வைப்பார். அண்ணன் அதைத் தூக்கிவந்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் சேம்பருக்கு நேராகத் தள்ளிவிட்டுப் பல் துலக்கப் போவார். கெட்டித்த ஆயில் இளகியதும் வண்டி பிடித்துக்கொள்ளும்.

"பூச்சிங்க வெறச்சிக்கினு கெடக்குது. இந்த டப்பாவுக்குப் புது மாப்பிள்ளை உபசாரமா?" என்பார் அண்ணி.

"உன் பூச்சிங்க கட்டுற கூட்ட மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கினு போறது யாரு? நீயா? குளிர்ல இந்த ஜீப்புக்கு ஜலுபு, சளி புடிச்சா மூட்டைய உன் தலையிலதான் வெப்பேன்."

"வெப்பீங்க, வெப்பீங்க. சீக்கிரம் அடுப்பைக் குடுங்க."

போன தீபாவளி கழிந்த வாரம், கூடு விற்றுவிட்டுத் திரும்பும்போது அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வரவில்லை. ஜீப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிவந்து வாசலில் விட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு, ஓட்ட ஆளில்லை. விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது அண்ணி மறுக்கவில்லை. "அது பாட்டுக்கு நின்னுக்கினு இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம், தம்பி?" என்று மட்டும் கேட்டார். கொடுக்க மனமில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாசலில் துருப்பிடித்துப் போவதற்கு விற்பதே மேல் என்று நினைத்தேன்.

மார்கழியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். கனுமு என்கிற மாட்டுப் பொங்கல் அன்று பயணம் கிளம்ப மாட்டார்கள். அதனால் கனுமுக்கு மறுநாள், திருப்பதிப் பக்கத்து ஏர்பேட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிப் போய் இரவு தங்கினேன். விடிந்ததும் அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க ஊர்ல சாவியத் தொட்டாலே எந்த வண்டியும் பேசும்மா. இது பேசினா எடுத்துக்கினு போறேன். தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டி எனக்கு வேணாம்."

பேசவில்லை. மறுபடி திருப்பினார். வெள்ளைப் புகை வந்தது. இன்ஜின் இழுத்து இழுத்து ஓய்ந்தது. அண்ணி கதவோரம் நின்றிருந்தார். சும்மா நின்றாலே போதும், வண்டி வீட்டில் தங்கிவிடும். தணல் வைக்கும் வழியை நானும் அவருக்குச் சொல்லவில்லை.

"பேட்டரி செத்துடும் போல. விடு சார், வேற பார்க்கலாம்" என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டே கடைசியாக ஒருமுறை சாவியைத் திருப்பினார். முனகல் நீண்டது.

"நிறுத்துங்கண்ணா!" என்றார் அண்ணி. "அத்த அப்டிப் போட்டு வதைக்காதீங்க. குளிருக்குத்தான் அடம்புடிக்குது. நல்ல வண்டி."

உள்ளே போய்க் கரி பற்றவைத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் தணல் சிவந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அடுப்பைத் தூக்கிவந்து, குனிந்து பார்க்காமலே சரியான இடத்தில் தள்ளினார். பிறகு பானெட்டின் மேல் கை வைத்தபடி நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் கையை எடுத்தார்.

"இப்பத் திருப்புங்க."

பிடித்துக்கொண்டது.

"ராசியான கை உனக்கு, அம்மா" என்று சிரித்தார் ஏர்பேட்டுக்காரர். அண்ணி அடுப்பை இழுத்துக்கொண்டு விலகினார். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு ஜீப்பை ஓட்டிப் போனார். பலமனேர் பக்கம் திரும்பும் வளைவில் அதன் சத்தம் குறைந்து, பிறகு இல்லாமல் போனது.

அண்ணி அடுப்பைத் தூக்கிக்கொண்டு புழு அறைக்குள் போனார். அண்ணன் போனபின் வளர்க்கப் புழு முட்டை வாங்கவில்லை, புழுத் தட்டுகள் காலி. வழக்கமான இடத்தில் அடுப்பை வைத்துவிட்டு வெளியே வந்து, சூடு போய்விடாமல் கதவைச் சாத்தினார்.