கலப்பத்து அடித்த கியர்பெட்டி

என் அக்கா இராசமலரின் கணவர் ஆழ்வாப்பிள்ளை எவரையும் முழுதாக நம்பியதில்லை. நான் வட்டுக்கோட்டையில் படிப்பை முடித்துச் சான்றிதழோடு வந்தபோது, அதை வாங்கி வெயிலில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். "முத்திரை சரியாத்தான் கிடக்கு" என்றார். அத்தானிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

கடலில் பிழைத்த குடும்பம். அவர் மட்டும் வள்ளத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு பழைய பிக்கப்பை வாங்கிப் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்கு மீன் ஏற்றினார். எழுபத்து மூன்றாம் ஆண்டில் இரண்டு சில்லு ட்ரெயிலர் ஒன்றையும் பின்னால் கொழுவினார். வண்டி வேலைகளை யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்த ஹலீம்தான் செய்வார்.

அடுத்த வருடம் கிளச் மாற்றிய பிறகு கியர்பெட்டியில் எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்ததை அத்தான் கண்டுபிடித்தார். இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். கியர் எண்ணெய் மருந்துபோல அருமையாய்த்தான் கிடைக்கும். "ஹலீம்தான் எடுத்திருக்கிறான்" என்றார். பெட்டியை நிரப்பினார். பிறகு கடற்கரையார் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். வள்ளத்துப் பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள், அதுதான் கலப்பத்து. அந்தக் கலப்பத்தைக் கியர்பெட்டியின் மூடி, இடுக்கு, துளை என்று கண்ட இடமெல்லாம் அடித்தார். எவனாவது திறந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

மூன்று கிழமையில் சத்தம் தொடங்கியது. வெறும் வண்டி ஓடும்போது இல்லை. ட்ரெயிலரைக் கொழுவிப் பாரம் ஏற்றினால் மட்டும் ஒரு கூவல். அச்சுவேலி வருவதற்குள் கால் வைக்கும் தகரம் செருப்பைத் தாண்டிச் சுடும். அத்தான் கீழே படுத்துப் பார்த்தார். பூச்சு அப்படியே இருந்தது. ஆகவே எண்ணெய் இருக்கிறது, குற்றம் வேறு. கிளச் வேலை நடந்த அன்று ஹலீம் நல்ல பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தேய்ந்தவற்றைப் போட்டிருக்கிறார்! மீன் சந்தையில் நின்று இதை எல்லோருக்கும் சொன்னார். மீன் வண்டிக்காரர் ஆறு பேர் ஹலீமின் கராஜுக்குப் போவதை நிறுத்தினார்கள்.

ஒருநாள் காலை வல்லை வெளியில் வண்டி கத்திக்கொண்டு நின்றுவிட்டது. நானும் கூட இருந்தேன். மீனை அவ்வழியாக வந்த லொறி ஒன்றில் மாற்றி அனுப்பினோம். அத்தானிடம் கேட்காமல் நான் பஸ் ஏறி ஹலீமிடம் போனேன்.

"அவர் கூப்பிட்டவரோ, நீங்களாய் வந்தியளோ?"

"நானாய்த்தான் வந்தனான்."

கராஜில் ஒரு வண்டியும் இல்லை. கூவலையும் சூட்டையும் நான் சொன்னதும், அவர் சாமான் பையையும் எண்ணெய்ப் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

எங்களைக் கண்டதும் அத்தான் கேட்ட முதல் கேள்வி: "என்ரை பல்சக்கரத்தை எங்கை வித்தனீ?"

ஹலீம் வண்டிக்கு அடியில் போனார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உதென்ன அண்ணை, உந்த வண்டி கடலிலை ஓடுறவளோ? ஆர் உதைப் பூசினது?"

"நான்தான். நீ களவெடுக்கேலாமல்."

"மேலை சின்னத் துளை ஒண்டு இருக்கு. பாரம் இழுத்துப் பெட்டி கொதிச்சால் சூட்டுக் காத்து உதாலைதான் போகும். நீங்கள் அதின்ரை மூக்கையும் அடைச்சுப்போட்டியள். போக வழியில்லாத காத்து எண்ணெயைப் பின்பக்க ரப்பர் சீலாலை வெளியிலை தள்ளிப்போட்டுது."

துளையைச் சுரண்டி ஊசியால் குத்தினார். உஸ் என்றது. மூடியைக் கழற்றி அத்தானின் விரலை உள்ளே விடச் சொன்னார். விரல் காய்ந்தே வந்தது. ட்ரெயிலரின் முன்தகரத்தில் புழுதியோடு கறுப்பாய்ப் படிந்திருந்ததைக் காட்டினார்.

"உதை என்னெண்டு நினைச்சியள்?"

"மீன் நெய்யெண்டு."

"மணந்து பாருங்கோ."

அத்தான் மணந்து பார்த்தார். கியர் எண்ணெய்தான் மணத்தது.

ஹலீம் புது சீல் போட்டு எண்ணெய் நிரப்பியதும் வண்டி நகர்ந்தது. கூவல் பாதிதான் குறைந்தது. பற்கள் ஏற்கெனவே உரசிப் போயிருந்தன. அத்தான் சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"காசு வேண்டாம். சந்தையிலை சொன்னதைச் சந்தையிலை போய் மாத்திச் சொல்லுங்கோ."

அடுத்த நாளே சொன்னார். "ஹலீமிலை பிழை இல்லை. நான்தான் வீணாய்ச் சந்தேகப்பட்டிட்டன்."

வண்டிக்காரர் செல்வரட்ணம் கண்ணடித்தார். "எவ்வளவு தந்தவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. களவு என்று அவர் சொன்னபோது சாட்சி கேட்காதவர்கள், களவு இல்லை என்றபோது கேட்டார்கள். ஹலீமின் கராஜ் இன்னும் இரண்டு கிழமை வெறிச்சென்று கிடந்தது.

பிறகு ஒரு காலையில் அத்தான் மீன்பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றார். கலப்பத்து காய்ச்சியது, மல்லாந்து படுத்துப் பூசியது, முகத்தில் ஒழுகியது, விரல் காய்ந்து வந்தது, தகரத்தை மணந்தது, ஒன்றும் விடாமல் சொன்னார். ஊரில் ஒருவரும் கேலி செய்யத் துணியாத மனிதர். செல்வரட்ணம் சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டார். "கியர்பெட்டிக்குக் கலப்பத்தோ! எட, கலப்பத்தரே!"

அதை நம்பினார்கள். அந்தக் கிழமையே செல்வரட்ணத்தின் வண்டி ஹலீமிடம் போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கலப்பத்தர் என்ற பட்டம் அத்தானோடு ஒட்டிக்கொண்டது.

சென்ற மாதம் அத்தானின் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில் 'கலப்பத்தர்' என்றும் போடச் சொன்னார் அக்கா. நான் தயங்கினேன்.

"போடு தம்பி. அந்தப் பேரை அவர் தானாய்த்தான் வாங்கினவர்."