நெல்லிக்குழிக் களத்தில் விழுந்தவர்கள்

மலைமேல் குண்டூர் நாட்டில் நெல்லிக்குழி என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சின்னக்கண்ணுவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் காலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். செருப்பே ஏறாத கால். கல்லும் முள்ளும் பட்டுப் பட்டு உள்ளங்கால் பலாப்பழத் தோல் மாதிரி தடித்துப் போயிருந்தது. பஸ் சுற்றிக்கொண்டு செம்மேட்டுக்கு வருவதற்குள் இவன் குறுக்குத் தடத்தில் போய் டீயையும் குடித்துவிட்டு, பஸ்சில் வந்து இறங்கும் ஊர்க்காரர்களைப் பார்த்து, "என்னங்க, வழியில படுத்துத் தூங்கிட்டு வாரீங்களா?" என்று கேட்பான். வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம்.

பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு மகள் கவிதாதான் அவனுக்கு எல்லாம். அவளுக்குப் பைல் நாட்டில் யுவராஜ் என்ற பையனைப் பேசி, தை பிறந்ததும் பாக்கு மாற்றி நிச்சயம் செய்வதென்று வைத்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி வேறு யாருமில்லை, செத்துப்போன பெண்டாட்டியின் அண்ணன்தான். அவர் தன் கையால் பாக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தால்தான் அந்த ஊர்ப் பெண்ணுக்குப் பாக்கு மாறும். ஊரோடு ஒட்டாதவன் வீட்டுக்கு அந்தத் தட்டு வராது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், மார்கழி மாசம். வெளிநாட்டிலிருந்து சிநேகிதர்கள் ஐந்து பேர் லீவைக் கழிக்க மலைக்கு வந்தார்கள். வேன் மேல் ஐந்து சைக்கிள். டயர் ஒவ்வொன்றும் டிராக்டர் டயர் போலக் கட்டை கட்டையாகப் பல் வைத்தது. வேன் டிரைவர் அர்த்தனாரி ராசிபுரத்துக்காரன், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தவன். காட்டுத் தடம் காட்ட ஆள் வேண்டுமென்று அவன் தேடி வந்தது சின்னக்கண்ணுவை.

"ஏனுங்க, ரோட்டுல ஓட்டுனா ஆகாதாமா?"

"ரோட்டுல ஓட்டுனா அவங்களுக்கு ருசிக்காதாம்பா. காடு, பாறை, பள்ளம் இப்படித்தான் வேணுமாம்."

"எங்களுக்கு ரோடு வேணும்னு நாங்க நாயா அலையறோம். இவங்களுக்குக் காடு வேணுமாக்கும்! மாத்திக்கலாமான்னு கேளுங்க."

அவர்கள் சைக்கிளில் வர, இவன் முன்னால் வெறுங்காலோடு ஓடினான். ஐவரில் ஒருவன் நல்ல பருமன். அவன் பேர் யார் வாயிலும் நுழையாததால் பலாக்காய் என்றே ஊரில் ஆகிப்போனது. மற்ற நாலு பேரும் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மேட்டில் நின்று அவனுக்காகக் காத்திருப்பார்கள். அவன் இளைக்க இளைக்க வந்து சேர்ந்து இறங்கப் போகிற நேரமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். அவன் தண்ணீர்ப் பாட்டிலை ஒளித்து வைப்பார்கள். அவன் சேற்றில் விழுந்தால் தூக்கிவிடக் கை வராது, படம் பிடிக்கத்தான் வரும். எல்லாவற்றுக்கும் நெட்டையன் ஒருவன்தான் தலைவன்.

"இவங்க நெசமாவே சேக்காளிங்கதானா?" என்று சின்னக்கண்ணு கேட்டான்.

"சின்ன வயசுலருந்தே ஒண்ணாப் படிச்சவங்களாம்" என்றான் அர்த்தனாரி.

"அப்பச் சரி. அதான் எங்க அடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க."

அதற்குப் பிறகு அவன் முன்னால் ஓடுவதை விட்டுவிட்டுப் பலாக்காய்க்குப் பக்கத்திலேயே நடந்தான். மடியிலிருந்து மலைவாழைப்பழம் எடுத்துக் கொடுத்தான். இருவருக்கும் பேச்சு கிடையாது. பழம் இருந்தது, போதும்.

ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேன் நிற்கும் ரோட்டுக்குப் போக நெல்லிக்குழிக் களத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். களத்தில் சாமை குவித்திருந்தது. குவியலின் உச்சியில் வேப்பங்கொத்து செருகிவிட்டால், அளந்து முடிக்கிற வரைக்கும் ஆத்தா களத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பேர். அதுவரை செருப்புக் கால் அங்கே படக் கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார்.

வேனைப் பூட்டிவிட்டு எதிரே வந்த அர்த்தனாரியிடம் சின்னக்கண்ணு சொன்னான். அவன் போய் அவர்களிடம் சொன்னான். நெட்டையன் வானத்தைக் காட்டினான், தன் பூட்சைக் காட்டினான், சிரித்தான்.

"கழட்ட மாட்டாங்களாம்பா. வேற வழி இருந்தாச் சொல்லு."

வேறு வழி இல்லை. சின்னக்கண்ணு களத்தைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். ஊர்க்கட்டு காலுக்குத்தான். சக்கரத்தைப் பற்றி எந்தப் பெரியவரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. தரையில் கால் ஊன்றாமல் போய்விட்டால் கட்டு எப்படி மீறும்? அவன் புத்திக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

"காலைக் கீழ வெக்காம ஓரமா ஓட்டிக்கிட்டே போயிரச் சொல்லுங்க."

நாலு பேர் சர்சர்ரென்று போய்விட்டார்கள். கடைசியாகப் பலாக்காய் மெதுவாக வந்தான், காலைக் கீழே வைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் குவியலை ஒட்டி வரும்போது, களத்தைத் தாண்டிவிட்ட நெட்டையன் திரும்பி வந்து அவன் முன்சக்கரத்துக்குக் குறுக்கே சைக்கிளை விட்டான், விளையாட்டுக்கு. பலாக்காய் சைக்கிளோடு குவியலில் சாய்ந்தான். இரண்டு பூட்சும் சாமைக்குள் புதைந்து உதைத்தன. வேப்பங்கொத்து அவன் முதுகுக்கடியில் நசுங்கியது. குவியலை மூட ஓலைப்பாயோடு ஓடிவந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் படம் எடுத்தார்கள். மழை விழுந்தது. இறைந்த சாமை தண்ணீரோடு பள்ளத்துக்கு ஓடியது. பலாக்காய் மட்டும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குவியலில் போட்டான். அவர்கள் விசில் அடித்துக் கூப்பிட்டதும் அவனும் போய்விட்டான்.

மறுநாள் ஊர் கூடியது.

"மாப்ள, நடந்தது நடந்து போச்சு" என்றார் குழந்தைசாமி. "குவியல் களத்துல இருக்கற வரைக்கும் ஆத்தா இருப்பா. அதுக்குள்ள வந்து, செருப்புக்காலை உட்டது நாந்தான்னு சொல்லி அவ முன்னால விழுந்துரு. அளந்துட்டா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

"மச்சான், நான் சக்கரத்தைத்தான் உட்டேன். காலை உடலீங்க."

"சக்கரத்துக்கு மேல உக்காந்திருந்தது என்ன, பூசணிக்காயா?" என்று கேட்டாள் குழந்தைசாமியின் பெண்டாட்டி கண்ணாயி. ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவனை விலக்கினார்கள். நெருப்புக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் மொள்ள விடக் கூடாது, யாரும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. கவிதாவை அன்றைக்கே மாமன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

அவள் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் வேலியோரம் வந்து நின்றாள். "அப்பா, ஒரு தரம் விழுந்துருங்கப்பா. என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

"பொய் சொல்லிக்கிட்டு விழுந்தா ஆத்தா ஏத்துக்குவாளா கண்ணு?"

"ஆத்தா ஏத்துக்கலைன்னாலும் மாமா ஏத்துக்குவாருப்பா."

நனைந்த சாமை காய இன்னும் நாள் ஆகும், அதற்குள் சாட்சி கொண்டுவந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. தை பிறந்து, அர்த்தனாரி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு செம்மேட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஓடினான். பஸ் ஸ்டாண்டில் வேனுக்குள் படுத்திருந்தான் அர்த்தனாரி.

"அவனா விழல, தள்ளி உட்டாங்கன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

"உங்க ஊர் வம்புல என்னைய எதுக்குய்யா இழுக்கற? நான் எதையும் பாக்கல." பிறகு ஞாபகம் வந்தவனாகச் சிரித்தான். "அந்தப் படத்தை லாட்ஜுல போட்டுப் போட்டுப் பாத்தாங்க. உன்னையும் புடிச்சிருக்காங்க. அவன் விழறப்ப நீ வாயைப் பொளந்துட்டு நிக்கற பாரு, அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க. அந்தக் குண்டனுந்தான் சிரிச்சான்."

இனிச் சாட்சி கிடைக்காது என்று தெரிந்ததும் சின்னக்கண்ணு ஊரைப் பார்த்து ஓடத் தொடங்கினான். விழுந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். மகளுக்காகச் சொல்கிற பொய்யை ஆத்தா பொறுத்துக்கொள்வாள். அந்த மாதிரி அவன் எந்த நாளும் ஓடியதில்லை.

களம் வெறுமையாக இருந்தது. கூட்டிப் பெருக்கி, அளந்த வள்ளப் படியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவன் செம்மேட்டுக்குக் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் அளக்கவே தொடங்கினார்களாம். கண்ணாயியே சொன்னாள், முகத்தைப் பார்க்காமல், மாட்டிடம் சொல்வது போல.

அவன் களத்தின் நடுவில் போய்க் குப்புற விழுந்தான். "செருப்புக்காலை உட்டது நாந்தான். நாந்தான் உட்டேன்."

குழந்தைசாமி வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் பாறையைப் பார்த்துச் சொன்னார். "எந்திரி மாப்ள. வெறுந்தரையில விழுந்து என்ன பண்றது? ஆத்தா போயிட்டா. அடுத்த வெள்ளாமைக்கு வருவா, அப்ப வந்து விழு. நாளைக்குப் பாக்கு மாத்த வாராங்க. கவிதாவை எம் மகளா வெச்சுத் தட்டைக் குடுத்துர்றேன்."

அவன் எழவில்லை. தூக்கிவிடத் தொடவும் ஊர்க்கட்டு இடம் கொடுக்கவில்லை. மறுநாள் யுவராஜின் ஆட்கள் வந்தபோதும் அப்படியே கிடந்தான். குவியல் இல்லாத களம் வெறும் தடம்தான். அவர்கள் செருப்போடேயே நடந்தார்கள். புதுத்தோல் செருப்புகள் கறுக் கறுக்கென்று அவன் காதோரமாகப் போயின. "குடிச்சிருக்காரா?" என்று யாரோ கேட்டார்கள். "வெளியூர் ஆளுங்க" என்றாள் கண்ணாயி.

பாக்கு மாற்றியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அதற்கும் களத்தைத்தான் தாண்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த புதுச் செருப்பு கவிதாவின் காலில் இருந்தது. களத்தின் விளிம்பில் அவள் நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கழட்ட வேண்டாம் கண்ணு, குவியல்தான் இல்லியே" என்றார் குழந்தைசாமி.

அவள் வெறுங்காலோடு நடந்தாள். அந்தக் காலடி முகத்துக்கு அருகில் வந்தபோது சின்னக்கண்ணு கண்ணைத் திறந்தான். அவள் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. களத்தைத் தாண்டியதும் காலைத் தட்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, முன்னால் போனவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.