லூட் இசைக்கு மிருதங்கம்

தொண்ணூறுகளின் நடுவில், தரமணியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மார்கழிப் பகலில் மயிலாப்பூர் சபா ஒன்றில் வாசிக்க எனக்கு இடம் கிடைத்தது. நுழைவு இலவசம், கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள் வந்து உட்காரும் நேரம். நான் வாசிக்க இருந்தவை ஐரோப்பாவில் நானூறு வருடங்களுக்கு முன் லூட்டுக்காக எழுதப்பட்ட சின்னச் சின்னத் துண்டுகள். லூட் என்பது பாதியாக அரிந்த பேரிக்காய்போல் முதுகு கொண்ட நரம்பு வாத்தியம். அது அடையாறில் கிடைக்காது என்பதால் கிட்டாரின் மூன்றாம் தந்தியை அரை சுரம் இறக்கி, மூன்றாம் மெட்டில் ஒரு கவ்வியை மாட்டிச் சமாளித்தேன். மற்றவை எப்படிப் போனாலும் பரவாயில்லை. கடைசியாக வைத்திருந்த இரங்கல் இசை மட்டும், அதன் இறுதி நாதம் தானாக அடங்கும்வரை, ஒரு முறையாவது அமைதியில் கேட்கப்பட வேண்டும்.

அதனால் பக்கவாத்தியம் வேண்டாம் என்று சபாச் செயலரிடம் சொன்னேன்.

"பக்கவாத்யம் இல்லாம கச்சேரியா? யாராத்துலயோ துக்கம் விசாரிக்க வந்தாப்பல இருக்கும்மா" என்றார். இரங்கல் இசைக்கு அதுதானே பொருத்தம் என்று நான் வாயெடுப்பதற்குள் மிருதங்கக்காரரை அறிமுகப்படுத்திவிட்டார். செயலருடைய மைத்துனர்.

ஒவ்வொரு துண்டும் இரண்டு நிமிடம். முன்வரிசை மாமாக்கள் தொடையில் தாளத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முடிந்துவிடும். எல்லாம் கச்சேரிக் கடைசியில் வரும் துக்கடாவாகவே வந்துகொண்டிருந்ததால், மெயின் உருப்படி எப்போது என்று ஒருவர் உரக்கவே விசாரித்தார். மைத்துனர் எதையும் விட்டுவைக்கவில்லை. இரங்கல் இசைக்கு, இறந்தவரே எழுந்து உட்காரும்படி வாசித்தார். கடைசி சுரத்திலாவது நிறுத்துங்களேன் என்று கெஞ்சலாக அவரைப் பார்த்தேன். கச்சேரி மேடையில் அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: இனி மிருதங்கம் மட்டும், உங்கள் தனி ஆவர்த்தனம். பெரிதாகத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

தனி என்றால் ரசிகர்களுக்கும் ஒரே அர்த்தம்தான். கேன்டீனில் கீரை வடை போட ஆரம்பித்திருந்தார்கள். அரங்கமே எழுந்து போயிற்று. செயலர் முதலில் போனார்.

வெகுநேரம் கழித்து மைத்துனர் வாசித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்தார். தனி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்து முடிப்பது முறை. விட்ட இடத்தில் எதுவும் மிச்சமில்லை; ஆகவே இரங்கல் இசையை முதலிலிருந்து வாசித்தேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் தூக்கத்தில். கடைசி நாதம் அடங்கிய பிறகும் யாரும் அசையவில்லை.

வெளியே, கையில் வடையுடன் நின்ற செயலர், கச்சேரி எப்படி இருந்தது என்று என்னையே கேட்டார். அடுத்த வருடமும் மைத்துனரே வேண்டும், தனியை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள் என்றேன்.

"இப்பத்தாம்மா உனக்கு சங்கீதம் பிடிபடறது" என்றார்.